சோழவரம் பழைய ரன்வேயை எக்ஸ்-பிளேனில் கட்டுகிறேன், பாதி ஓட்டத்தில் விமானம் துள்ளிக் கவிழ்கிறது: என்ன வழி?

கொளத்தூர்_காற்றாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எக்ஸ்-பிளேன் 12 என்கிற விமான சிமுலேட்டரில் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் போட்ட ஓடுதளம், போர் முடிந்த பிறகு வருடக்கணக்கில் காரும் பைக்கும் பந்தயம் ஓடிய இடம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு பிறந்தவர்களுக்குச் சோழவரம் என்றால் ஏரி மட்டும்தான் தெரியும். எங்கள் தாத்தா வியாசர்பாடியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பந்தயம் பார்த்தவர். இந்தப் பொங்கலோடு அவருக்கு 80 முடிகிறது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, மீனம்பாக்கத்தில் கிளம்பி, போரூர் ஏரி, புழல் ஏரி எல்லாம் தாண்டி, போர்க்காலத்தில் இருந்த மாதிரியான சோழவரத்தில் இறக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

ஆறு வாரமாக வேலை பார்க்கிறேன். டபிள்யூஇடியில் (எக்ஸ்-பிளேனுக்கு விமான நிலையம் வரைகிற வேர்ல்ட் எடிட்டர் மென்பொருள்) செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்து ரன்வே வரைந்தேன். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் தகரக் கொட்டகை இரண்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்று, பனைமரம் மூன்று வகை செய்தேன். பனைக்கு மட்டுமே ஒரு வாரம் போனது, மட்டை உதிர்ந்த தழும்பு வரிகூடத் தெரிகிற மாதிரி வந்திருக்கிறது.

போன ஞாயிறு முதல் தடவையாக சூப்பர் கப் என்கிற சின்ன வால்சக்கர விமானத்தை ஓட்டிப் பார்த்தேன். கிளம்பின உடனே மாட்டு வண்டியில் போகிற மாதிரி குலுங்குகிறது. சரி, பழைய ரன்வே என்று விட்டுவிடலாம். ஆனால் பாதி தூரத்தில் ஒரு மேடு வருகிறது பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். 50 நாட் வேகத்தில் அதில் ஏறினால் ஒரு சக்கரம் தூக்கி, விமானம் அப்படியே சுழன்று கொட்டகைக்குள் போய் விழுகிறது. பத்து முறை ஓட்டினேன், எட்டு முறை இதே கதை.

டபிள்யூஇடியில் விமான நிலையத்தின் எலிவேஷன் எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ரன்வேயின் ரஃப்னஸை, அதாவது சொரசொரப்பை, பூஜ்யம் ஆக்கினேன், அதுவும் பிரயோஜனம் இல்லை. செட்டிங் எதையாவது தவறவிட்டேனா, இல்லை வரைந்ததே தப்பா?

கூடவே இரண்டு சின்னக் கேள்விகள். இன்றைய வீடுகளும் ரோடும் என் ரன்வே ஓரத்தில் வந்து நிற்கின்றன, அவற்றை எடுப்பது எப்படி? அப்புறம், போர்க்காலம் என்பதால் ரன்வேயில் இரும்புத் தகடு விரித்த மாதிரி காட்டலாமா? படங்களில் பார்த்திருக்கிறேன்.

பரங்கிமலை_0725 எழுதியது:

தம்பி, வரைந்தது தப்பு இல்லை. எலிவேஷன் கட்டத்தில் போடுகிற எண் தகவலுக்காக மட்டும்தான். அதில் 500 அடி என்று போட்டாலும் தரை ஒரு அங்குலம்கூட அசையாது. எக்ஸ்-பிளேனில் உன் ரன்வே தரையின் மேல் விரித்த பாய் மாதிரி. கீழே கல் இருந்தால் பாயும் மேடாகத்தான் தெரியும். தரையைத் தருவது மெஷ், அது வேறு ஃபைல், டபிள்யூஇடி அதைத் தொடவே தொடாது.

மேடு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம். நம் பக்கத்துக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற உயரத் தரவு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் ராடாரால் அளந்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ராடாருக்கு மண் எது, மரம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அடர்ந்த தோப்பு இருந்தால் அதன் தலையை ஒட்டித்தான் தரை என்று பதிவாகும், கட்டடம் இருந்தால் மொட்டைமாடிதான் தரை. நீ சொல்கிற இடத்தில் ஏதோ ஒரு தோப்போ கட்டடமோ அந்தப் புள்ளிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாட்டு வண்டிக் குலுக்கலுக்குக் காரணம் வேறு. அந்தத் தரவில் உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும், 14, 15, 14 என்று, நடுவில் புள்ளி கிடையாது. மலைப்பிரதேசத்தில் இது உறைக்காது. கடலோரச் சமவெளியில் நிஜ நிலம் கிலோமீட்டர் கணக்கில் அரை மீட்டர் ஏறும், தரவிலோ பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் 3.3 சதவீதச் சரிவு. சின்ன ஓடுதளத்துக்கே 2 சதவீதத்துக்கு மேல் சரிவு கூடாது என்று சர்வதேச விதி சொல்கிறது, பெரியதற்கு 1 சதவீதம். 50 நாட் என்றால் வினாடிக்கு 26 மீட்டர், ஆக வினாடிக்கு ஒன்றாகப் படி ஏறி இறங்கிக்கொண்டே போகிறாய். வால்சக்கர விமானம் அதைத் தாங்காது.

இப்போது வழி. டபிள்யூஇடியில் ஏர்போர்ட் பவுண்டரி வரைந்திருக்கிறாயா? வரையவில்லை என்றால் முதலில் அதைப் போடு, அப்புறம் ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து ஆல்வேஸ் ஃப்ளாட்டன் என்பதை டிக் செய். வேலிடேட் செய்து எக்ஸ்போர்ட் செய்தால் உள்ளே தட்டையாகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுவே போதும். உனக்குப் போதுமா என்பது சந்தேகம், ஏனென்றால் தட்டையான இடத்துக்கும் வெளித்தரைக்கும் நடுவே ஓரத்தில் திடீரென்று கரை மாதிரி வெட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே ஏரிக்கரை வேறு இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்காது.

நான் உன் இடத்தில் இருந்தால் செயற்கைக்கோள் படத்திலிருந்து தரை செய்கிற ஆர்த்தோ4எக்ஸ்பி மென்பொருளில் தரையையே புதிதாகக் கட்டுவேன். ஜேஓஎஸ்எம் என்கிற வரைபட எடிட்டரில் ரன்வேயைச் சுற்றி ஒரு மூடிய கோடு வரைந்து, அதற்கு ஆல்டிட்யூட் என்று டேக் கொடுத்து மீட்டரில் உயரத்தைப் போட்டு, பேட்ச் ஃபைலாக அந்த டைலின் (தரைத் துண்டின்) பேட்சஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டால், மெஷ் கட்டும்போது அந்த உயரத்தையே எடுத்துக்கொள்ளும். இரண்டு முனைக்கும் வேறு வேறு உயரம் கொடுத்துச் சீராகச் சாய்க்கவும் முடியும். கோட்டை ரன்வேயை ஒட்டி வரையாதே, இரண்டு பக்கமும் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி வரை, அப்போதுதான் ஓரம் இதமாக இறங்கும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் இதில் இரண்டு நாள் வீணாக்கினேன். எக்ஸ்-பிளேனில் தரை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி டைலாக இருக்கும். மீனம்பாக்கம் 12 டிகிரி 59 நிமிடத்தில் இருக்கிறது, 13 டிகிரிக் கோடு அதன் தலைமாட்டிலேயே ஓடுகிறது. சோழவரம் கோட்டுக்கு வடக்கே. அதனால் +13+080 (வடக்கு 13, கிழக்கு 80 டிகிரி) டைல் மட்டும் கட்டினால் உன் தாத்தாவோடு கிளம்பும் இடம் பழைய தரையிலும் இறங்கும் இடம் புதுத் தரையிலும் இருக்கும், கிளம்பின ஒரு நிமிஷத்திலேயே தரையின் நிறம் கோடு போட்ட மாதிரி மாறும். +12+080 டைலையும் சேர்த்துக் கட்டு.

கடைசியாக, மனதில் பட்டதைச் சொல்கிறேன். பனைக்கு ஒரு வாரம் செலவழித்தது வீண் இல்லை, ஆனால் அது மூன்றாவது வேலை. 1802-ல் நில அளவையாளர் லாம்டன் இந்த நாட்டையே அளக்கத் தொடங்கியபோது முதலில் எங்கள் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டைத்தான் சங்கிலி போட்டு அளந்தார். மிச்சமெல்லாம் அந்தக் கோட்டின் மேல் எழுந்தவை. உனக்கும் ரன்வேதான் அடிக்கோடு. வெறும் தரையில் பத்து முறை கிளம்பி, பத்து முறை இறங்கி, ஒரு முறைகூடத் துள்ளவில்லை என்ற பிறகு கொட்டகையை வை.

மாதவரம்_மெக்கானிக் எழுதியது:

தரை பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் வீடு, ரோடு பற்றிச் சொல்கிறேன்.

எக்ஸ்க்ளூஷன் ஸோன், அதாவது விளையாட்டு தானாக வைக்கிறதை நீக்குகிற கட்டம், போட வேண்டும். ஆனால் அது வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காகத்தான் செவ்வகமாக நிற்கும், சாய்க்க முடியாது. ரன்வே குறுக்காகச் சாய்ந்திருந்தால், முழுவதையும் மூட ஒரே பெரிய செவ்வகம் போடுவது எல்லோரும் செய்கிற தப்பு. பக்கத்து ஊரே காணாமல் போய்விடும், மொட்டைத் திடலில் ரன்வே மட்டும் கிடக்கும். சின்னச் சின்னச் செவ்வகமாக, மாடிப்படி அடுக்குகிற மாதிரி ரன்வே ஓரமாக அடுக்கிக்கொண்டே போங்கள். நான் ஒரு இடத்துக்குப் பதினேழு செவ்வகம் போட்டிருக்கிறேன்.

எதை எடுக்க வேண்டும் என்று தனித்தனியாக டிக் செய்யலாம். ஆப்ஜெக்ட் (தனிப் பொருள்கள்), ஃபசாட் (கட்டடச் சுவர்கள்), ஃபாரஸ்ட் (மரங்கள்) மூன்றையும் தாராளமாக எடுங்கள். நெட்வொர்க் என்பதில் மட்டும் யோசித்துக் கை வையுங்கள், ரோடு, மின்கம்பி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஜி.என்.டி. ரோடு மேல் அந்தச் செவ்வகம் விழுந்தால் ரோடு நடுவில் அறுந்து, லாரிகள் வந்து வந்து மறையும். காரனோடைப் பாலம் பக்கம் போகிற ரோட்டைப் பார்த்துத்தான் உங்கள் தாத்தா இடத்தை அடையாளம் கண்டுபிடிப்பார், அதை அறுத்துவிடாதீர்கள்.

இரும்புத் தகடு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 87 ஓட்டை, ஒன்று 30 கிலோ எடை. அவசரத்துக்கு மண் மேல் கோத்து விரித்து, வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துப் போகிற சமாச்சாரம். சோழவரத்தில் போர் முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும் ரேஸ் கார் ஓடியிருக்கிறது என்றால் கீழே கெட்டியான தரை போட்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? போர்க்காலம் என்றதும் எல்லாவற்றிலும் தகடு விரிப்பதைப் பல சீனரியில் பார்க்கிறேன், எனக்கு அது உறுத்துகிறது. வெளுத்துப்போன சாம்பல் நிறத் தரை, ஓரத்தில் செம்மண், இது போதும்.

அகலத்தைப் படத்தில் நீங்களே அளந்து பாருங்கள். பிரிட்டனில் 1942 வாக்கில் வகுத்த பெரிய தளத்துக்கான அளவு 50 கெஜம், அதாவது ஏறக்குறைய 46 மீட்டர். நீங்கள் அளந்தது அதற்குக் கிட்டே வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அதையே அப்படியே போட்டுவிடாதீர்கள்.

வண்ணை_வாத்தியார் எழுதியது:

ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த சிமுலேட்டர் பக்கம் வந்தேன், டபிள்யூஇடி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் சோழவரத்தில் நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் அப்பா ஸ்கூட்டரில் என்னை இரண்டு முறை கூட்டிப் போனார். வெயில் சுளீரென்று அடிக்கும். ரன்வேயின் தூரத்து முனையில் கார்கள் திரும்பும்போது சத்தம் முதலில் வராது, உருவம்தான் தெரியும். அந்த உருவத்துக்கும் டயர் இருக்காது. கானலில் உடம்பு மட்டும் தண்ணீர் மேல் மிதந்து வருகிற மாதிரி வரும், கிட்டே வர வரக் கால் முளைத்த மாதிரி டயர் தெரியும், அப்புறம்தான் சத்தம் காதை அடைக்கும். ஐம்பது வருடம் ஆகியும் கண்ணை மூடினால் அது அப்படியே நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் ஆள் உயர மேடு இருந்திருந்தால் கார் ஒரு இடத்தில் மறைந்து பிறகு எழுந்து வந்திருக்கும். அப்படி ஒரு முறைகூட மறையவில்லை. முனையிலிருந்து முனை வரை பார்வைக்குத் தடங்கலே கிடையாது. அதனால் தம்பி, அந்த மேடு நிஜத்தில் இல்லாதது, தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஓரங்களில் விரிசலும் விரிசலில் புல்லும் உண்டு, அதை வேண்டுமானால் வையுங்கள்.

உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே வேலிக்கு வெளியே நின்றிருந்தாலும் நின்றிருப்போம்.

பரங்கிமலை_0725 எழுதியது:

ஐயா, எந்தத் தரவையும்விட இது நல்ல அளவு. தம்பி, அப்படியானால் சாய்வு எதுவும் வேண்டாம், பேட்சில் ஒரே உயரம் போடு. ரன்வேயின் நீளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் உயரத்தைக் குறித்துக்கொள், அந்த மேட்டில் விழுகிற இரண்டு மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியை எடு.

மூவரசம்பட்டு_வானம்பாடி எழுதியது:

தாமதமாக வந்துவிட்டேன். நான் 1932-ன் சென்னையை முயற்சி செய்து பார்த்தவள். அந்த வருடம் அக்டோபர் 15-ல் டாடாவின் தபால் விமானம் கராச்சியில் கிளம்பியது இல்லையா, பம்பாய் வரை ஜே.ஆர்.டி. ஓட்ட, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். புஸ் மாத் என்கிற சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். அதற்காக ஒரு புல்தரைத் தளம் செய்தபோது கற்றுக்கொண்டது உங்களுக்கும் உதவும்.

ரன்வேக்கு டபிள்யூஇடி தருகிற சாம்பல் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், பழைய இடத்துக்கு ஒட்டவே ஒட்டாது. ரன்வேயின் சர்ஃபேஸை டிரான்ஸ்பரன்ட் என்று வைத்துவிடுங்கள். விளையாட்டுக்கு அங்கே ரன்வே இருப்பது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டியதை நீங்களே பாலிகனாக (மூடிய வடிவமாக) வரைந்து, உங்கள் நிறம், விரிசல், எண்ணெய்க் கறை எல்லாம் அதில் போடலாம். வாத்தியார் ஐயா சொன்ன விரிசல் புல்லை இப்படித்தான் கொண்டுவர முடியும்.

ரன்வேயின் எண்ணைச் சரிபார்த்தீர்களா? டபிள்யூஇடி காட்டுவது நிஜ வடக்கிலிருந்து கோணம், ரன்வேயின் எண் காந்த வடக்கிலிருந்து, அதுவும் பத்து பத்து டிகிரியாக முழுமையாக்கியது. சென்னைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு, ஒன்று ஒன்றரை டிகிரிதான். கோணம் சரியாக 5-ல் முடிகிற மாதிரி இருந்தால் மட்டும் அது எண்ணை மாற்றிவிடும்.

முடிந்த பிறகு இதைப் பகிர்ந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன், நானே முதலில் இறக்கிக்கொள்வேன். ஆனால் ஆர்த்தோ4எக்ஸ்பி இறக்கிய செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்துப் பகிராதீர்கள், அவற்றின் உரிமை நம்முடையது இல்லை. உங்கள் டபிள்யூஇடி பேக்கேஜையும் பேட்ச் ஃபைலையும் மட்டும் கொடுங்கள், வேண்டியவர்கள் டைலை வீட்டில் கட்டிக்கொள்வார்கள்.

கொளத்தூர்_காற்றாடி எழுதியது:

அண்ணா, அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், அத்தனையையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆல்வேஸ் ஃப்ளாட்டன் போட்டேன். மேடு போய்விட்டது, ஆனால் அண்ணன் சொன்ன மாதிரியே ஓரத்தில் சுவர் மாதிரி ஒரு வெட்டு வந்தது. அதனால் அதை எடுத்துவிட்டு பேட்ச் வழிக்குப் போனேன். முதல் தடவை டைல் கட்டியும் மாற்றமே இல்லை, ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஜேஓஎஸ்எம்-ல் கோட்டை மூடவே இல்லை, கடைசிப் புள்ளி முதல் புள்ளிக்கு ஒரு மயிரிழை தள்ளி நின்றது. யாராவது இதே பிரச்சினையில் மாட்டினால் அந்த முனையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது சீனரி பேக்ஸ் ஐஎன்ஐ ஃபைலில் வரிசை. ஆர்த்தோ டைல் என் ஏர்போர்ட்டுக்கு மேலே போய் உட்கார்ந்து ரன்வேயை மறைத்துவிட்டது. என் பேக்கேஜ் மேலே, குளோபல் ஏர்போர்ட்ஸ் அதற்குக் கீழே, ஆர்த்தோ டைல் கடைசியில் என்று மாற்றியதும் சரியானது.

கொட்டகை, மரம் எல்லாவற்றையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு வெறும் தரையில் பத்து முறை ஓட்டினேன் அண்ணா. ஒன்றில்கூடத் துள்ளவில்லை. வால் தூக்கி, இரண்டு சக்கரத்தில் நேராக ஓடி, தானாக எழும்புகிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது ஆறு வாரத்தில் வராத சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் பனையை நட்டேன்.

எக்ஸ்க்ளூஷன் செவ்வகம் இருபத்தொன்று ஆனது, ஜி.என்.டி. ரோடு முழுசாக இருக்கிறது. இரும்புத் தகடு இல்லை. ரன்வே டிரான்ஸ்பரன்ட், மேலே என் பாலிகன், ஓரத்தில் விரிசலும் புல்லும். மீனம்பாக்கத்தின் 25-ம் எண் ரன்வேயில் கிளம்பி வலப்பக்கம் வடக்கே திரும்பினால் ஏறக்குறைய 27 கிலோமீட்டர், சூப்பர் கப்பில் பத்து நிமிஷம். புழல் ஏரி தாண்டினதும் மூக்குக்கு முன்னால் சோழவரம் ஏரி எட்டிப் பார்க்கும், அங்கேயே வேகத்தைக் குறைத்தால் சரியாக இருக்கிறது.

தாத்தாவிடம் இன்னும் காட்டவில்லை. நேற்று சாப்பிடும்போது, பந்தயம் பார்க்க எங்கே நிற்பீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பேனாவால் ஒரு நீளக் கோடு போட்டார், கோடு திரும்புகிற இடத்துக்கு உள்பக்கம் ஒரு புள்ளி வைத்து, இங்கேதான், சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன் என்றார். நான் வரைந்த ரன்வேயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அந்தத் திருப்பம் சரியாக உட்காருகிறது. இரவே அந்த இடத்தில் ஒரு ராம்ப் ஸ்டார்ட் (விமானம் நின்று தொடங்குகிற இடம்) வைத்து, மூக்கை ரன்வே பக்கம் திருப்பிவிட்டேன். வாத்தியார் ஐயா, உங்கள் வணக்கத்தைப் பொங்கல் அன்று, விமானம் அங்கே போய் நின்ற பிறகு சொல்கிறேன்.